பெருநிறுவனங்கள் புகுந்த பிறகும் ஓப்பன் சோர்ஸ் ஓப்பனாகவே இருக்குமா?

கேள்வி இது: "நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். ஒன்றிரண்டு ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நிரல் எழுதிக் கொடுத்து வருகிறேன். இன்று லினக்ஸில் ஐபிஎம், டேட்டாபேஸில் அமேசான், கிட்ஹப்பில் மைக்ரோசாஃப்ட் என்று எங்கு பார்த்தாலும் பெருநிறுவனங்கள்தான். நாம் காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பதை நாளை ஒரு நிறுவனம் பூட்டி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? இது இனியும் உண்மையாக இருக்க முடியுமா?"

ஓப்பன் சோர்ஸ் என்றால், மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் தரும் மென்பொருள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். ஆனால் எல்லாத் திட்டங்களாலும் முடியாது. எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு அந்த நிறுவனத்துக்கு நல்ல மனசா என்று ஆராய வேண்டியதில்லை. பூட்டுகிற, அதாவது உரிமத்தை மாற்றி நிரலை மூடுகிற, அதிகாரம் ஒரே கையில் இருக்கிறதா, பல கைகளில் சிதறிக் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும். பதினெட்டு வருடமாக சர்வர்களோடும் நிரலோடும் குடும்பம் நடத்தியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

பணம் கலக்காத தூய காலம் ஒன்று முன்பு இருந்தது, நிறுவனங்கள் வந்து அதைக் கெடுத்தன என்று உங்கள் கேள்வி நினைக்கிறது. அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பரில். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அவரே தன் ஈமேக்ஸ் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்று வயிறு கழுவினார். அதில் அவர் முரண்பாடு எதையும் காணவில்லை. விலை அவருக்குப் பொருட்டல்ல. வாங்கியவர் அதைப் படிக்கலாமா, மாற்றலாமா, அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்பதுதான் பொருட்டு. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் ஒரே சொல் என்பதால் இந்த வித்தியாசத்தை அவர் வாழ்நாள் முழுக்க விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. "கட்டற்ற மென்பொருள்" என்று முதலில் எழுதியவரை நான் மானசீகமாக வணங்குகிறேன்.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் தொடங்கி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1991இல் அவர் வெளியிட்ட முதல் லினக்ஸின் உரிமத்தில், இதைப் பரப்ப யாரும் காசு வாங்கக் கூடாது, பிரதி எடுக்கும் செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்று இருந்தது. உங்கள் அளவுகோலின்படி இதைவிடத் தூய்மையான உரிமம் இருக்க முடியாது. ஆனால் நடைமுறையில் அது காலைக் கட்டியது. பயனர் கூட்டங்களில் ஃப்ளாப்பி டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கொடுக்க நினைத்தவர்கள் ஃப்ளாப்பி விலையைக்கூட வாங்க முடியாமல் தவித்தார்கள். 1992இல் லினஸ் அந்தத் தடையை எடுத்துவிட்டு ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். விற்றுக்கொள், ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடு என்பதுதான் அதன் பேரம். லினக்ஸுக்கு வணிகம் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. எழுதியவரே யோசித்து, நிபந்தனை போட்டு, கதவைத் திறந்துவிட்டார்.

அந்த நிபந்தனைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனாவோடு இருக்குமே, அதேதான். 2002 இறுதியில் சந்தைக்கு வந்தது. அடுத்த வருடமே லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்று சிலர் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மூலநிரல் எங்கும் இல்லை. கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 2003இல் நிறுவனம் நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் பிறந்தது. இன்று எண்ணற்ற ரவுட்டர் மாடல்களில் அது ஓடுகிறது. பிற்பாடு அதே ரவுட்டரின் ஒரு பதிப்பில் நிறுவனம் லினக்ஸை எடுத்துவிட்டு நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தது. வாங்குகிறவர்களில் ஒரு கூட்டம் லினக்ஸுக்காகவே வாங்குகிறது என்பது உறைத்ததும், பழைய உள்ளமைப்போடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடலே விற்றார்கள். ஒரு உரிமக் கோப்பு கடைக்காரரின் சரக்கையே மாற்றியது என்று இதைத்தான் சொல்வேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வருவோம். இன்று லினக்ஸ் கெர்னலுக்குள் வரும் மாற்றங்களில் மிகப் பெரும்பகுதி, இன்டெல், கூகுள், ரெட் ஹாட், ஏஎம்டி போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள் எழுதுவது. ஆனாலும் அதை யாராலும் பூட்ட முடியாது. காரணம் யாருடைய நல்லெண்ணமும் இல்லை. எழுதிய ஒவ்வொருவரின் பதிப்புரிமையும் அவரவரிடமோ அவரவர் நிறுவனத்திடமோ இருக்கிறது. உரிமத்தை மாற்ற வேண்டுமானால் பல்லாயிரம் பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்களில் சிலர் இறந்தும் போய்விட்டார்கள். லினஸே நினைத்தாலும் நடக்காது. 34 பில்லியன் டாலர் கொடுத்து 2019இல் ரெட் ஹாட்டை வாங்கிய ஐபிஎம்மாலும் நடக்காது.

இந்தச் சிதறல் எவ்வளவு கனமானது என்பதை விஎல்சி பிளேயர்க்காரர்கள் அனுபவித்துப் பார்த்தார்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகளோடு ஜிபிஎல் ஒத்துப்போகாது என்ற சர்ச்சையில் 2011 ஜனவரியில் விஎல்சி அங்கிருந்து நீக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு சற்றுத் தளர்வான உரிமத்துக்கு மாறலாம் என்று விஎல்சி திட்டத்தை நடத்திய ழான் பப்டிஸ்ட் கெம்ஃப் முடிவெடுத்தபோது, பல வருடங்களுக்கு முன் நாலு வரி எழுதிவிட்டுப் போனவர் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. நல்லதைச் செய்யவே இத்தனை அலைச்சல் என்றால், கெட்டது செய்ய நினைப்பவன் பாதி வழியிலேயே களைத்துவிடுவான்.

இனி பூட்டு விழுந்த கதை. ரெடிஸ். வலைத்தளம் நடத்துகிற யாருக்கும் தெரிந்த பெயர். தரவை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு மின்னல் வேகத்தில் எடுத்துக் கொடுக்கும். சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வடோரே சான்ஃபிலிப்போ 2009இல் எழுதியது. உரிமம் பிஎஸ்டி, அதாவது "என் பெயரை மட்டும் அழிக்காதே, மற்றபடி எதையும் செய்துகொள்" என்கிற தாராளம். பின்னாளில் ரெடிஸ் லேப்ஸ் என்று ஆன ஒரு நிறுவனம் அவருக்கு ஆதரவு கொடுத்தது. காலப்போக்கில் ரெடிஸ் என்ற பெயரின் உரிமையும் அந்த நிறுவனத்திடம் போனது. மூல மென்பொருள் என்றைக்கும் பிஎஸ்டியாகவே இருக்கும் என்று 2018இல் நிறுவனம் உறுதி சொன்னது. 2020இல் சான்ஃபிலிப்போ பொறுப்பிலிருந்து விலகினார். 2024 மார்ச் 20ஆம் தேதி, இனி வரும் பதிப்புகள் பிஎஸ்டி அல்ல என்ற அறிவிப்பு வந்தது.

ஏன் மாற்றினார்கள்? நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜிபிஎல்லின் நிபந்தனை மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் செயல்படத் தொடங்கும். கிளவுட் நிறுவனம் எதையும் கொடுப்பதில்லை. தன் சர்வரில் ஓட்டி, மணிக்கணக்குப் போட்டு வாடகை வாங்குகிறது. பிஎஸ்டியிலோ அந்த நிபந்தனையே கிடையாது. ஒருவர் சமைக்க, இன்னொருவர் அதே சாப்பாட்டுக்குப் பெரிய மண்டபம் கட்டி இலை போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் சமைத்தவருக்கு எரியத்தான் செய்யும். மோங்கோடிபி, எலாஸ்டிக் என்ற டேட்டாபேஸ், தேடல் மென்பொருள் நிறுவனங்கள் முறையே 2018இலும் 2021இலும் உரிமத்தை மாற்றியதற்குச் சொன்ன காரணமும் இதுவே. ஆனால் ரெடிஸ் உட்பட மூவரும் கையிலெடுத்த எஸ்எஸ்பிஎல் என்ற உரிமம், இதைச் சேவையாக விற்பவர் தன் மேலாண்மை மென்பொருள் முழுவதையும் திறந்து காட்ட வேண்டும் என்கிறது. நடைமுறையில் யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனை அது. எந்த உரிமத்தை ஓப்பன் சோர்ஸ் என்று ஏற்கலாம் எனத் தீர்மானிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது சரியென்று படவில்லை. கிளவுட் ஓட்டையை அடைக்க, மாற்றிய மென்பொருளை நெட்வொர்க் வழியே பயன்படுத்துபவருக்கும் மூலநிரலைக் கொடு என்கிற ஏஜிபிஎல் என்ற நேர்மையான உரிமம் 2007 முதலே இருந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். எட்டே நாளில், மார்ச் 28ஆம் தேதி, கடைசி பிஎஸ்டி பதிப்பிலிருந்து வால்கீ என்ற ஃபோர்க் (அதே நிரலைப் பிரதி எடுத்துத் தனியாக வளர்க்கும் திட்டம்) லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடங்கியது. ரெடிஸுக்குள் பல ஆண்டுகள் வேலை செய்த வெளி நிறுவன நிரலர்களே அதை முன்னின்று நடத்தினார்கள். பின்னால் நின்றவை அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப். 2024 இறுதியில் சான்ஃபிலிப்போ நிறுவனத்துக்குத் திரும்பினார். 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லின் கீழும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பூட்டு திறந்தது.

உங்கள் கேள்விக்கு இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. நீங்கள் ஏற்கெனவே கொடுத்த நிரலை எந்த நிறுவனமும் உலகத்திடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது; நாளை வரும் பதிப்பைத்தான் பூட்ட முடியும். இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்குக் கசக்கலாம்: ரெடிஸைத் திறந்த நிலையில் காப்பாற்றியது மாலை நேரத் தன்னார்வலர்கள் மட்டும் அல்ல, சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்த பெருநிறுவனங்கள். ஃபோர்க் செய்யும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்த நிரலைப் படித்து, புரிந்து, நாளை வரும் பாதுகாப்புக் குறையை நள்ளிரவில் சரிசெய்ய ஆள் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர். 2010இல் ஆரக்கிள் வசமிருந்த ஓப்பன்ஆபீஸிலிருந்து லிப்ரெஆபீஸ் பிரிந்து பிழைத்ததற்கும் இதே காரணம்தான். திறமையான நிரலர்கள் பலர் ஆரக்கிளுக்கு வெளியே இருந்தார்கள்.

பூட்டுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. நிரல் திறந்தே இருக்கும், உரிமமும் சுத்தமாக இருக்கும், ஆனால் பக்கத்திலேயே ஒரு ஒப்பந்தம் இருக்கும். ஆண்ட்ராய்டின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி விற்கலாம் என்பது உரிமம். ஆனால் கூகுளின் பிளே ஸ்டோர் வேண்டும் என்றால், மாற்றிய ஆண்ட்ராய்டு ஓடும் கருவிகளை நீங்கள் விற்கக் கூடாது என்று கைபேசித் தயாரிப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 2018இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ அபராதம் விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2022இல் நீதிமன்றம் தொகையைச் சற்றுக் குறைத்து, தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதி செய்தது. உரிமம் வலது கையால் கொடுத்ததை ஒப்பந்தம் இடது கையால் எடுத்துக்கொண்டது. 2023இல் ரெட் ஹாட் தன் வணிகப் பதிப்பின் மூலநிரலை வாடிக்கையாளர்களோடு நிறுத்திக்கொண்டதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். ஜிபிஎல்லின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் வாங்கியவர் பகிர்ந்தால் சந்தா போய்விடலாம் என்ற பயத்தோடு தரப்படும் உரிமையை முழு உரிமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிறுவனங்களின் மனசைப் பார்க்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ரசீதுகளைத் தமிழில் பிடிஎஃப்பாக அச்சிட ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை) பயன்படுத்தினோம். அதில் "கொ" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரின் பெயர் கொடியரசு என்றால் ரசீதில் படிக்கவே முடியாது. ஒன்பது வரியில் சரிசெய்தோம். அதைத் திட்டத்துக்கு அனுப்பலாம் என்றேன். "நாம கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதைப் போட்டி கம்பெனிக்கு ஏன் சார் தூக்கிக் கொடுக்கணும்?" என்றார் மேலாளர். மூன்று வருடம், லைப்ரரியின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்த ஒன்பது வரியைக் கையால் மறுபடி ஒட்டினோம். ஒருமுறை ஒட்ட மறந்து, மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான ரசீதுகள் குழறுபடியாகப் போய்விட்டன. மறுநாள் காலை அதே மேலாளர் என் மேசைக்கு வந்து, "அனுப்பிடுங்க சார்" என்றார். அவர் ஒரே இரவில் தியாகியாகிவிடவில்லை. தனியாகச் சுமப்பதன் செலவு அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். லைப்ரரியைப் பராமரித்தவர் ஒரு சோதனைச் சொல் கேட்டார். "கொழுக்கட்டை" என்று அனுப்பினேன். கொம்பும் உண்டு, ஐகாரமும் உண்டு, இரண்டும் சோதிக்கப்பட்டுவிடும்.

பணம் வருவதைவிட, பணம் வர வேண்டிய இடத்துக்கு வராமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது, உலக வலைத்தளங்களில் பெரும்பகுதியின் ரகசியத்தைக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பது தெரியவந்தது. பத்து வருடம் கழித்து அதே நோய் வேறு வடிவில் வந்தது. கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய லைப்ரரி கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. அதைச் சம்பளமில்லாமல், களைத்துப்போய், தனியாகப் பராமரித்தவரிடம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக நடித்து, நம்பிக்கை பெற்று, கடைசியில் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்றை நுழைத்துவிட்டார். 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதிக்கிறதே என்று நெருடி, நூல் பிடித்துப் போய்ப் பிடித்துவிட்டார். அவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு எழுதுபவர். சம்பளம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று அதன் தலைவர் பால்மர் வர்ணித்தாரே, அதே நிறுவனம். பின்கதவு நுழைந்தது யாரும் காசு கொடுக்காத இடத்தில். அதைப் பிடித்தது, இப்படி ஒரு அரை நொடியைத் துரத்த நேரமும் சம்பளமும் இருந்த ஒருவர்.

சரி, நீங்கள் நடைமுறையில் எதைப் பார்க்க வேண்டும்? பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்புவதற்கு முன் உரிமக் கோப்பைப் படியுங்கள். உங்கள் நிரலை நாங்கள் எந்த உரிமத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால், சாவியைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தே கொடுங்கள். அப்பாச்சி போன்ற லாபநோக்கற்ற அறக்கட்டளையும் ஒப்பந்தம் கேட்கும், ஆனால் அதை விலைக்கு வாங்க முடியாது என்பதால் கணக்கே வேறு. லினக்ஸ் கெர்னலில் "இதை எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று ஒரு வரி கையொப்பம் மட்டும்தான். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அடுத்து, யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் கடைசி ஒரு வருடத்து மின்னஞ்சல் முகவரிகளைப் பாருங்கள். அத்தனையும் ஒரே நிறுவனத்தின் முகவரியில் முடிந்தால், அந்தத் திட்டத்தின் திறப்பு அந்த நிறுவனத்தின் அடுத்த காலாண்டுக் கணக்கைப் பொறுத்தது. திட்டத்தின் பெயர் யாருடைய வணிகச் சின்னம் என்பதையும் பாருங்கள். இதை யாருமே பார்ப்பதில்லை.

போஸ்ட்கிரெஸ்காரர்களிடம் நான் மிகவும் மதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவர்களுடைய மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கக் கூடாது. 2020இல் என்டர்பிரைஸ்டிபி நிறுவனம் இன்னொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தை வாங்கியதும், ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டார்கள். யாரும் தப்பு செய்யவில்லை, யார் மீதும் சந்தேகமும் இல்லை. ஆனாலும் சில வாரங்களில் வேறு நிறுவனங்களிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக் குழுவை ஏழாக்கினார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்.

எங்கள் பிடிஎஃப் லைப்ரரியை இரண்டு வருடம் முன்பு ஒரு நிறுவனம் வாங்கி, புதுப் பதிப்புகளின் உரிமத்தை மாற்றிவிட்டது. நீங்கள் பயப்படுகிற அதே விஷயம்தான். பழைய பதிப்பிலிருந்து நான்கு பேர் ஃபோர்க் செய்தார்கள். நான் வேலையை விட்டு வந்துவிட்டாலும் அதில் எட்டிப் பார்ப்பதுண்டு. போன வாரம் யாரோ எழுத்துரு கையாளும் பகுதியை மாற்றி அனுப்பியிருந்தார். தானியங்கிச் சோதனையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. திறந்து பார்த்தேன். தோற்றிருந்த சோதனையின் பெயர் கொழுக்கட்டை. மறுநாள் திருத்தி அனுப்பினார், பச்சை விழுந்தது.